பாத்ரூம் திருத்த முதல் உம்மாவிடம் கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வயது போன உம்மா, வாப்பா, மாமி இருக்கும் வீட்டார் கட்டாயம் வாசியுங்கள்.

நம்ம ஊரில் ஜனாஸா வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தால் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "நல்லாத்தான் இரிந்தாங்க. பாத்ரூமுக்குள்ள விழுந்த. அதுக்குப் பொறகு எழும்பவே இல்ல." இடுப்பு எலும்பு முறிவு, ஆஸ்பத்திரி, படுக்கை, சளிக்காய்ச்சல், மௌத்து. கேட்கிறவர்கள் பெருமூச்சு விட்டு அடுத்த கதைக்குப் போவார்கள். அஜல் அல்லாஹ்வின் கையில், அதில் பேச்சில்லை. ஆனால் தரையை வழுக்காமல் போடுவது நம்ம கையில் இருக்கும் வேலை. விழுந்தவரைப் பற்றிப் பேசுகிற நாம், அவர் விழுந்த பாத்ரூமைப் பற்றிப் பேசுவதே இல்லை. தரை எப்படி இருந்தது? லைட் எங்கே இருந்தது? பிடித்துக்கொள்ள ஏதும் இருந்ததா?

நம்ம பக்கத்தில் வீடு வளரும் விதம் எல்லோருக்கும் தெரியும். மகளுக்கு மாப்பிள்ளை வரப்போகிறார் என்றால் முதல் வேலை, மகளின் அறையோடு ஓர் அட்டாச் பாத்ரூம். நல்ல கொமட், பூப்போட்ட டைல்ஸ், பெரிய கண்ணாடி. அந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்த உம்மாவும் வாப்பாவும் குசினிப் பக்கத்து அறைக்கு மாறுவார்கள். அவர்களுக்கு வளவின் பின்னால், கிணற்றடிக்கு அங்கால், பழைய டொய்லட். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தந்த நேரத்துத் தேவைக்கு அந்தந்த நேரத்துக் காசுக்கு ஏற்ற மாதிரி வீடுகள் வளர்ந்தன. எங்கள் வீடும் அப்படித்தான்.

எங்கள் உம்மாவுக்கு 72 வயது. சீனி வருத்தம், முழங்கால் வருத்தம், ஒரு கண்ணில் கண்புரை. வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். சென்ற வருடம் இரண்டாவது தடவையாகவும் மூத்திரத்தில் கிருமி என்று டொக்டர் மருந்து எழுதினார். "தண்ணி நல்லாக் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். "குடிக்கிறன் மகன்" என்று உம்மா சொன்னா. வீட்டில் கவனித்தோம். மஃரிபுக்கு நிரப்பி வைத்த தண்ணீர்ச் சாடி ஸுப்ஹுக்கும் அப்படியே இருந்தது. கேட்டோம்.

"ராவையில எழும்பணும் மகள். வெளிய இருட்டு. மழைக்கு வழுக்கும். குடிக்காட்டி எழும்பத் தேவல்லயே."

"எங்கட பாத்ரூமுக்கு வாங்களேன் உம்மா?"

"மருமகன் படுக்கிற அறைக்குள்ளால நான் எப்பிடி மகள் வாற?"

அந்த நேரம் பாத்ரூம் திருத்துவதற்கென்று சீட்டுக் காசு கைக்கு வந்திருந்தது. நாங்கள் இருவரும் ஆசிரியர்கள், இரண்டு சம்பளத்தில் இதற்கென்றே கட்டிய சீட்டு. உம்மாவின் அந்தப் பதிலோடு எங்கள் திட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் யோசித்ததையும், விசாரித்ததையும், மேசன் காக்காவோடு வாதாடியதையும் ஒழுங்காக எழுதுகிறோம். யாருக்காவது உதவட்டும்.

1. யாருக்கு? எந்த நேரத்தில்?

ஹாட்வெயார் கடைக்குப் போக முதல் ஒரு கொப்பியை எடுத்தோம். வீட்டில் யார் யார், எந்த நேரத்தில், எதற்கு பாத்ரூம் போகிறார்கள் என்று எழுதினோம். காலை 6 முதல் 7 வரை நெரிசல்: இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர், எல்லோருக்கும் பாடசாலை. இரவு 11 முதல் ஸுப்ஹு வரை பாவிக்க வேண்டியவர் உம்மா மட்டும். விழும் ஆபத்து இருப்பதும் அந்த நேரத்தில்தான். ஆகவே எங்கள் பாத்ரூமை இரவு 2 மணிக்கு எழும்பும் 72 வயது உம்மாவுக்காக வரைந்தோம். அவவுக்குச் சரியாக இருந்தால் மற்ற எல்லோருக்கும் சரியாக இருக்கும். காய்ச்சலில் எழும்பும் பிள்ளைக்கும், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் தாய்க்கும் வேண்டியது அதே பாத்ரூம்தான்.

2. கதவு எந்தப் பக்கம்?

எங்கள் அட்டாச் பாத்ரூமின் பின்சுவர் குசினிக்குப் போகும் பின் விறாந்தையோடு ஒட்டியிருக்கிறது. அந்தச் சுவரில் கதவு போட்டு, எங்கள் அறைப் பக்கக் கதவைக் கட்டி மூடிவிட்டால் உம்மாவின் அறையிலிருந்து 11 எட்டு. வெளி டொய்லட்டுக்கு 40 எட்டுக்கு மேல்.

கட்டாரில் இருக்கும் காக்கா வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். "அட்டாச்ச மூடுறதா? வீட்டுட பெறுமதி கொறஞ்சிடும். உம்மாக்கு வெளிய புதுசா ஒண்டு கட்டிக் குடுங்க, செலவ நான் தாறன்." நல்ல மனதோடு சொன்னது. ஆனால் வெளியில் எவ்வளவு வடிவாகக் கட்டினாலும் அது வெளியில்தான். மாரி மழையில் நனைந்த சீமெந்துத் தரையைத் தாண்டித்தான் போக வேண்டும். இவர்தான் பேச்சை முடித்தார்: "மாப்பிள்ளைக்கெண்டு கட்டின பாத்ரூம். மாப்பிள்ளை நான் சொல்றன், கதவ அங்கால போடுங்க."

கதவின் அகலம் பற்றியும் ஒரு வார்த்தை. நம்ம வீடுகளில் பாத்ரூம் கதவுதான் ஆக ஒடுக்கமான கதவு. சக்கர நாற்காலி நுழைய, நிலைக்குள் தடையில்லாமல் 32 அங்குலமாவது வேண்டும். இன்றைக்கு யாரும் சக்கர நாற்காலியில் இல்லை. ஆனால் ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகும்போது இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போக வேண்டும். நாங்கள் 36 அங்குல நிலை வைத்தோம். பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் அணுகும் வசதி இருக்க வேண்டும் என்று நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வந்தன. வீட்டுக்கு அதைக் கேட்க யாரும் வரமாட்டார்கள். நாமாகத்தான் யோசிக்க வேண்டும்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இது மிக முக்கியம். உள்ளே திறக்கும் கதவென்றால், உள்ளே ஒருவர் விழுந்தால் அவருடைய உடம்பே கதவை அடைத்துவிடும். உடைத்துத்தான் போக வேண்டி வரும். அதோடு உள்ளே பெரிய கொண்டி வேண்டாம். வெளியிலிருந்து ஒரு நாணயக் குற்றியால் திருப்பித் திறக்கக் கூடிய பூட்டுகள் கடைகளில் இருக்கின்றன. மறைப்பும் இருக்கும், ஆபத்துக்கு வழியும் இருக்கும்.

3. தரைக்குக் கீழே இருப்பது

டைல்ஸ் பற்றி எல்லோரும் பேசுவார்கள். டைல்ஸுக்குக் கீழே இருப்பதைப் பற்றிப் பேச ஆளில்லை. பிழைத்தால் மறுபடி உடைக்க வேண்டியது அதைத்தான்.

கொமட்டுக்கு 4 அங்குலக் குழாய் (கடையில் 110 மில்லிமீட்டர் என்பார்கள்). அது 40 அடி ஓடினால் ஓர் அடியாவது இறங்க வேண்டும். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லம். எங்கள் கொமட்டின் இடத்தை மாற்றாததற்கு ஒரு காரணம் இதுதான். இடம் மாறாவிட்டால் குழாய்க்காகத் தரை முழுக்கக் கிண்டத் தேவையில்லை. புதிய கொமட் வாங்க முதல், சுவரிலிருந்து குழாய் வாயின் நடுவு வரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டு போங்கள். அளக்காமல் வாங்கினால் கொமட் ஒன்று சுவரில் முட்டும், அல்லது சுவரிலிருந்து விலகி நிற்கும்.

தரைத் தண்ணீர் போகும் இடத்திலும், பேசினுக்குக் கீழும், இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும் வளைவு இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் மூடி. கெட்ட வாடையையும் கரப்பானையும் அதுதான் தடுக்கிறது. பாவிக்காத பாத்ரூமில் வாடை வருகிறதென்றால் பெரும்பாலும் அந்தத் தண்ணீர் காய்ந்துவிட்டது. ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினால் போதும். அதற்கு நறுமணப் போத்தல் தேவையில்லை.

தரைச் சாய்வு: ஓர் அடிக்குக் கால் அங்குலம், தண்ணீர் போகும் வாயை நோக்கி. அதைவிடக் குறைந்தால் தேங்கும், தேங்கினால் பாசி, பாசி என்றால் வழுக்கல். டைல்ஸ் பதித்த அன்றே ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மேசனுக்குக் காசு கொடுத்த பிறகல்ல, கொடுக்க முதல்.

டைல்ஸுக்குக் கீழே தண்ணீர் தடுக்கும் பூச்சு இரண்டு தரம். முதல் தரம் ஒரு திசையில், இரண்டாம் தரம் குறுக்காக. சுவரிலும் ஓர் அடி ஏற்ற வேண்டும். ஷவர் பக்கத்தில் ஆறு அடி. காய்ந்த பிறகு தண்ணீர் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி 24 மணித்தியாலம் விட வேண்டும். மேசன் காக்கா சிரித்தார். "டீச்சர் எனக்குப் பரீட்ச வெக்கிறாங்க." அடுத்த நாள் விறாந்தைப் பக்கச் சுவர் காய்ந்தபடி இருந்தது. அவர் பாஸ்.

4. குழியும் கிணறும்

இந்தப் பகுதியை தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள்.

நம்ம கரையோர மண் வெறும் மணல். தண்ணீர் கிட்டத்தில் கிடைக்கும், மாரியில் இன்னும் மேலே வரும். வாப்பாமார் காலத்தில் பெரிய வளவு. ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் குழி. பிறகு வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்தோம். ஒரு கணக்குப் பார்ப்போம். 8 பேர்ச் என்றால் 2,178 சதுர அடி. 33 அடி அகலம், 66 அடி நீளம். கிணற்றுக்கும் ஊறல் குழிக்கும் இடையில் 60 அடியளவு விட வேண்டுமென்றால், வளவின் இரண்டு அந்தத்திலும்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் மதிலுக்கு அங்கால் அடுத்த வீட்டுக் கிணறு இருக்கிறது. நம் குழி நம் கிணற்றுக்குத் தூரம், அவர்கள் கிணற்றுக்குப் பக்கம்.

நம்மில் பலருடைய குழி, கொங்கிரீட் வளையங்களை இறக்கி, அடி பூசாமல் விட்ட குழி. "குழி நிரம்புறதே இல்ல" என்று பெருமையாகச் சொல்வோம். நிரம்பாத குழி என்றால் உள்ளே இருப்பது எங்கேயோ போகிறது. மணலுக்குள் அது போகும் இடம் நம் எல்லோருடைய கிணறும்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. குடிக்கக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் தண்ணீர் வெட்டும் நாளில் நாம் போவது கிணற்றடிக்கு.

எங்கள் பழைய வளையக் குழிக்கும் ராத்தா வீட்டுக் கிணற்றுக்கும் இடையில் 30 அடிதான் இருந்தது. பாத்ரூமை மட்டும் வடிவாக்கி இதை விட்டுவிட மனம் வரவில்லை. அடியும் சுவரும் பூசிய, இரண்டு அறை உள்ள தொட்டி கட்டினோம். முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு, இரண்டாவது ஒரு பங்கு. அதிலிருந்து வரும் தண்ணீர் மட்டும் ஊறல் குழிக்கு. ஊறல் குழியை வளவின் மறு பக்கத்துக்கு மாற்றினோம். ஆழமாகக் கிண்டாமல் அகலமாக எடுத்தோம். குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் 5 அடியாவது காய்ந்த மண் இருந்தால்தான் மண் வடிகட்டும். அதை மாரியில் அளக்க வேண்டும், கோடையில் அளந்தால் ஏமாற்றும். நீங்கள் செய்யும்போது உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். தண்டம் எழுத மட்டும் வருபவரல்ல அவர், கேட்டால் வழி சொல்வார்.

குளிக்கும் தண்ணீரைத் தொட்டிக்குள் விடவில்லை. அது தனிக் குழாயில் வாழையடிக்குப் போகிறது. தொட்டிக்குள் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். சவர்க்காரத் தண்ணீரும், டொய்லட் கழுவும் அசிட்டும் போத்தல் போத்தலாக இறங்கினால் அவை செத்துவிடும். பிறகு பவுசருக்கு அடிக்கடி காசு.

5. கிப்லாவும் வுழூவும்

குழாய்ச் செலவைக் குறைக்க கொமட்டை ஒரு சுற்றுத் திருப்பலாம் என்று ஓர் ஆலோசனை வந்தது. திருப்பினால் இருப்பவர் கிப்லாவை நோக்குவார். கட்டடத்துக்குள் என்றால் அதன் சட்டம் என்ன என்பது ஆலிம்கள் பேச வேண்டியது. எங்கள் வீட்டுப் பழக்கம், முன்னும் பின்னும் காட்டாமல் இருப்பது. இங்கே ஒரு விஷயம்: நம் பக்கத்தில் "மேற்கு" என்று கையைக் காட்டிவிடுவோம். சரியாகப் பார்த்தால் கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்காக இருக்கிறது. வளவுச் சுவரும் பல இடங்களில் திசைக்கு நேராக இல்லை. போனில் உள்ள திசைகாட்டியை வைத்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழாய் பதித்த பிறகு தெரிய வந்தால் கஷ்டம்.

அடுத்தது வுழூ. பேசினில் வுழூ செய்யும்போது காலைக் கழுவ என்ன செய்கிறோம்? ஒரு காலைத் தூக்கி பேசினுக்குள் வைக்கிறோம். ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நிற்கிறோம். 30 வயதில் அது ஒன்றுமில்லை. 72 வயதில், சீனி வருத்தத்தால் பாதம் விறைத்தவருக்கு, பாத்ரூமில் விழ அதைவிட வழி வேண்டியதில்லை. பள்ளிவாசல் ஹவுளைக் கட்டினவர்கள் நம்மைவிட விபரமானவர்கள். உட்கார இடம் வைத்து, தண்ணீரைத் தாழ வைத்தார்கள்.

நாங்களும் அதையே செய்தோம். பாத்ரூமுக்கு வெளியே, விறாந்தையின் மூலையில், 17 அங்குல உயரத்தில் சீமெந்துத் திண்ணை. உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் ஒரு பைப். கால் வைக்கச் சாய்வான இடம், கீழே தண்ணீர் போக வழி. செலவு பாத்ரூமின் மற்ற எதையும்விடக் குறைவு. டொய்லட்டுக்கு வெளியே என்பதால் பிஸ்மி சொல்லவும் துஆ ஓதவும் தயக்கமில்லை. ஒருவர் உள்ளே இருந்தாலும் மற்றவர் வுழூ செய்யலாம். ஸுப்ஹு நேர நெரிசலும் தீர்ந்தது.

6. தரை, பிடி, உயரம்

கடைக்காரர்கள் முதலில் காட்டுவது மினுமினுக்கும் டைல்ஸ். காய்ந்திருக்கும்போது வடிவு. துண்டொன்று கேட்டு வாங்கி, வீட்டில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். தரைக்கு மினுக்கம் இல்லாத, சற்றுச் சொரசொரப்பான டைல்ஸ். பெட்டியில் R10, R11 என்று அச்சிட்டிருந்தால் இலக்கம் கூடக் கூட வழுக்கல் குறைவு. சிறிய டைல்ஸ் என்றால் இடைக்கோடுகள் கூட, கால் பிடிக்கும்.

நிறமும் முக்கியம். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கொமட் என்றால் கண்புரை உள்ளவருக்கு எல்லாம் ஒரே மூடுபனி. எங்கே இருப்பது என்று தடவ வேண்டும். நாங்கள் தரைக்குக் கடும் சாம்பல், சுவருக்கு வெளிர் நிறம் எடுத்தோம். காக்கா அனுப்பிய படங்களில் எல்லாம் கறுப்பு மாபிள். பதில் போட்டோம்: "வடிவுதான் காக்கா. உம்மாவுக்குக் கண் தெரியணுமே."

கதவடியில் படி வைக்கவில்லை. தண்ணீர் வெளியே வராமலிருக்க மேசன்மார் இரண்டு அங்குலக் கட்டு வைப்பார்கள். கால் இழுத்து நடப்பவருக்கு அந்த இரண்டு அங்குலம் ஒரு மதில். அதற்குப் பதில் கதவுக்கு முன்னால் குறுக்காக ஒரு சிறு வாய்க்கால், மேலே கம்பி மூடி. தண்ணீர் அதற்குள் போய்விடும்.

கைப்பிடிக் கம்பிகள் இரண்டு: கொமட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்குமிடத்தில் ஒன்று. தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம். ஒன்றரை அங்குலக் கனம், சுவருக்கும் கம்பிக்கும் இடையில் ஒன்றரை அங்குல இடைவெளி. துவாய் போடும் கம்பி இதற்கு உதவாது. விழும்போது அதைப் பிடித்தால் அதுவும் சேர்ந்து வரும். சீமெந்துக் கல் சுவர் உள்ளே வெறுமையாக இருக்கும். போல்ட் போடும் இடத்தைக் கொத்தி கொங்கிரீட்டால் நிரப்பிவிட்டுத்தான் டைல்ஸ் பதிக்க வேண்டும். பிறகு யோசித்தால் பிடிப்பு இருக்காது. பூட்டியதும் இவர் தன் முழு எடையையும் அதில் தொங்கப்போட்டுப் பார்த்தார். பிள்ளைகளுக்கு நல்ல சிரிப்பு.

கொமட்டின் உயரம், இருக்கையோடு 17 முதல் 19 அங்குலம். தாழ்ந்திருந்தால் முழங்கால் வருத்தக்காரருக்கு எழும்பவே ஏலாது.

7. வெளிச்சமும் கரண்டும்

பாத்ரூமுக்குள் மட்டும் லைட் இருந்து பலனில்லை. கட்டிலிலிருந்து கதவு வரை வழியில் வெளிச்சம் வேண்டும். விறாந்தையில் ஆள் நடமாட்டத்தைக் கண்டு தானாக எரியும் சிறு பல்ப் ஒன்று, தரையை நோக்கி. உம்மா சுவிட்ச் தடவத் தேவையில்லை.

ட்ரிப் சுவிட்சைப் பாருங்கள். அதில் 30 மில்லியம்பியர் என்று இருக்க வேண்டும். அதிலுள்ள சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். ஈர உடம்பில் 230 வோல்ட் இரண்டாவது தடவை தராது. சுவிட்ச் எல்லாம் பாத்ரூமுக்கு வெளியே. கீஸர் நாங்கள் போடவில்லை. மாரிக் குளிருக்கு அடுப்பில் ஒரு கேத்தில் சுடுதண்ணீர் போதும்.

8. தண்ணீர்

கடையில் மழை மாதிரிக் கொட்டும் ஷவரைத் திறந்து காட்டுவார்கள். அதற்குப் பின்னால் பம்ப் இருக்கும். நம் வீட்டுத் தாங்கி 12 அடி உயரத்தில், ஷவர் 7 அடியில் என்றால், தள்ளுவதற்கு மிஞ்சுவது 5 அடித் தண்ணீர்தான். அந்த ஷவரில் சொட்டுச் சொட்டாக வரும். கையில் பிடிக்கும் ஷவர் ஒன்று, ஏற்றி இறக்கக் கூடியது, போதும். உட்கார்ந்தும் குளிக்கலாம். வாளிக்கும் கோப்பைக்கும் இடம் விட்டோம். கரண்ட் போனால் நம்மைக் காப்பாற்றுவது அவைதான்.

இரட்டைப் பொத்தான் உள்ள பிளஷ் வாங்கினோம், 3 லீற்றர், 6 லீற்றர். பழையது ஒவ்வொரு தடவையும் 9. ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து தடவை என்றால் பழையதில் 225 லீற்றர். புதியதில் ஐந்து தடவை பெரியது, இருபது தடவை சிறியது என்று வைத்தால் 90. நாளுக்கு 135 லீற்றர் மிச்சம். குழிக்குப் போகும் தண்ணீரும் அவ்வளவு குறைவு.

9. காசு

2021இல் 1,000 ரூபாய் அளவில் இருந்த சீமெந்து மூட்டை 2022இல் 3,000ஐத் தாண்டியதை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு கட்டடச் செலவைப் பழைய கணக்கில் யோசிக்க ஏலாது. நாங்கள் ஒரு வரிசை எழுதிச் சுவரில் ஒட்டினோம். முதலில் தொட்டியும் குழாயும். இரண்டாவது தண்ணீர் தடுக்கும் பூச்சு. மூன்றாவது கதவு, கைப்பிடி, வுழூத் திண்ணை. நான்காவது கரண்ட். கடைசியில் கண்ணுக்குத் தெரிபவை. காசு குறையக் குறையக் கீழிருந்து வெட்டினோம். ஷவர் பக்கச் சுவருக்கு மட்டும் 7 அடிக்கு டைல்ஸ், மற்றச் சுவர்களுக்கு 4 அடி, மேலே பெயின்ட். பேசின் அலுமாரி இல்லை. கண்ணாடி, வாப்பா ஷேவ் எடுத்த பழைய கண்ணாடி. வந்து பார்க்கிறவர்கள் "டைல்ஸ் முழுக்கப் போடல்லயா?" என்று கேட்கிறார்கள். முடிந்த காசு மண்ணுக்குக் கீழே இருக்கிறது என்று சொல்கிறோம்.

வேலை நடந்த நாட்களில் உம்மா திரும்பத் திரும்பச் சொன்னா: "மௌத்தாகப் போற எனக்கேன் மகள் இவ்வளவு காசு?" நம்ம உம்மாமார் எல்லோரும் சொல்வது இதுதான். வீட்டை எழுதிக் கொடுத்தார்கள், நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் ராத்திரித் தண்ணீரையும் குடிக்காமல் மிச்சம் பிடிக்கிறார்கள், நமக்குக் கரைச்சல் வேண்டாமென்று. அவர்கள் கேட்கமாட்டார்கள். நாம் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

வேலை முடிந்து மூன்று மாதம். எல்லாம் முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். பகலில் உம்மா இன்னும் சில நேரம் வெளி டொய்லட்டுக்குத்தான் போறா, பழக்கம். கொமட்டில் இருக்க இன்னும் கூச்சப்படுறா. கைப்பிடிக் கம்பியில் துவாயைக் காயப் போடுறா, சொல்லிச் சொல்லி எடுக்கிறோம். ஆனால் இரவில் விறாந்தை லைட் எரிவது எங்கள் அறைக் கதவிடுக்கால் தெரிகிறது. திண்ணைப் பைப்பில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது, பிறகு தஹஜ்ஜுத் தொழுகிற அமைதி. இஷாவுக்குப் பிறகு பிளேன்டீ கேட்கிறா. பல வருடமாக அந்த நேரத்தில் வாங்கிக் குடிக்காதவ.

காசு இல்லாதவர்கள் யோசிக்க வேண்டாம். ஒரு கைப்பிடிக் கம்பி, வழியில் ஒரு சிறு பல்ப், வுழூ செய்ய ஒரு பிளாஸ்டிக் கதிரை, பாசி உரசிய தரை. இந்த நான்கையும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் செய்து முடிக்கலாம். அதற்கு முதல் ஒன்று செய்யுங்கள். இன்றிரவு உங்கள் உம்மாவின், மாமியின் தலைமாட்டில் தண்ணீர் வையுங்கள். காலையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். நிறைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நம் பெற்றோருக்கு அல்லாஹ் ஸலாமத்தான ஹயாத்தைத் தரட்டும். மௌத்தானவர்களின் கப்ருகளை விசாலமாக்கட்டும். எங்கள் உம்மாவையும் உங்கள் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.